எழுதியவன் கடன்

எழுதுவோர் இருவர் கூடினால் ஒரு முறைப்பாடு பிறப்பது வழக்கம். "நம் ஜனங்கள் படிப்பதில்லை, நல்லதை எழுதினால் ஏறெடுத்தும் பாரார், வம்பும் வீண்கதையுமாயின் வரிவிடாமற் படிப்பர்" என்பதே அது. இதைச் சொல்வோர் பெரும்பாலும் நல்லதை எழுதியவரேயாவர். தாம் எழுதியது படிக்கப்படாமற் கிடந்ததற்குப் படியாதவனே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட்டு, அவர்கள் நிம்மதியாக உறங்கச் சென்றுவிடுகின்றனர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு தீர்ப்பளித்து உறங்கியவனே. அவ்வுறக்கம் கலைந்த வரலாற்றையும், அதன்பின் மனத்தில் எழுந்து இன்றளவும் அடங்காதிருக்கும் ஒரு வினாவையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

வினா இதுதான். பிறர் விரும்பிப் படிக்கும்படி எழுதுவது எழுதுவோனுடைய சாமர்த்தியமா, அன்றி அவனுடைய கடமையா? சாமர்த்தியமே எனின், அஃது உடையவனுக்கு உண்டு, இல்லாதவனுக்கு இல்லை. அவ்வளவில் விஷயம் முடிந்தது. கடமை எனின், அதை நிறைவேற்றுதற்பொருட்டு அவன் எவ்வளவு தூரம் செல்லலாம்? எங்கே நிற்க வேண்டும்?

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவதும், சம்பளக் கணக்குப் பார்ப்பதும், துரைக்கு வரும் கடிதங்களுக்கு விடை வரைவதும், அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டுவதும் என் தொழில். கிராணியின் எழுத்தை ஒருவரும் இலக்கியம் என்று கொள்ளார், கொள்ளவும் வேண்டுவதில்லை. ஆயினும் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் வாழ்வில், கவிஞர் எழுத்தைக் காட்டிலும் கிராணி எழுத்துப் புகும் இடங்கள் அதிகம் என்பதை அன்பர்கள் மறுக்கமாட்டீர்கள்.

2016ஆம் ஆண்டு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்காலத்தில் செம்பனைக் கன்றுகளைச் சுற்றிய புல்லை அழிக்கப் பாராகுவாட் என்னும் மருந்தை அடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். முதுகிற் பம்பைச் சுமந்து மருந்தடிக்கச் செல்வோர் பெரும்பாலும் பெண்களே. அம்மருந்து ஒரு வாய் உள்ளே சென்றாலும் நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்ல வல்லது. அதற்கு முறிமருந்து கிடையாது. மலேசிய அரசாங்கம் 2002இல் அதைத் தடுக்க முனைந்து, 2006இல் அத்தடையைத் தளர்த்தி, இறுதியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடைசெய்தது. நான் சொல்லும் காலத்தில் அது சட்டப்படி விற்கப்பட்ட பொருளே.

மருந்தைக் கையாளும் முறை பற்றித் தமிழில் ஓர் அறிவிப்பு வேண்டும் என்று துரை கட்டளையிட்டார். ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஆங்கில வழியிற் பயின்றவன். தமிழில் எழுதும்போதெல்லாம் என் தமிழைக் குறித்து எனக்குள் ஓர் அச்சம் உண்டு. அவ்வச்சத்தை மறைத்தற்பொருட்டு அகராதியிலிருந்து பெரிய சொற்களை எடுத்து அடுக்குவது என் பழக்கம். (இக்கட்டுரையிலும் அதன் வாடை வீசுவதை அன்பர்கள் உணர்வீர்கள், பொறுத்தருள்க.) இரண்டு இரவுகள் விழித்திருந்து, பதினொரு விதிகள் கொண்ட அறிவிப்பொன்றை எழுதி முடித்தேன். எட்டாவது விதி இவ்வாறிருந்தது: "களைக்கொல்லி நச்சுத் திரவத்தைப் பிறிதொரு கொள்கலத்திற்கு இடமாற்றம் செய்தல் கண்டிப்பாகத் தவிர்க்கப்படல் வேண்டும்." எழுதியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரட்டுக்கு எல்லோரும் கூடும் இடத்திலுள்ள பலகையில், நான்கு மூலைகளிலும் ஆணியடித்து மாட்டினேன்.

மூன்று வாரங்கள் கழிந்தன. மருந்தடிக்கும் பெண்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தம் வீட்டுப் பின்புறத்துப் புல்லை அழிப்பதற்காகச் சிறிதளவு மருந்தைக் குளிர்பானப் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கொண்டுபோய் அடுப்படித் திண்ணைமேல் வைத்திருந்தார். மருந்து நீலமும் பச்சையும் கலந்த நிறமுடையது. பார்ப்பதற்குச் சர்பத்துப்போல் இருக்கும். நான்கு வயதுப் பேரன் போத்தலை எடுத்து மூடியைத் திருகிவிட்டான். வாயருகே கொண்டுபோன வேளையில், வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த அவ்வம்மாள் உள்ளே வந்தார். அவ்வளவே. ஒன்றும் நேரவில்லை. கையிற் சிந்தியதைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடிவந்தார்.

நான் முதலிற் செய்தது என்ன தெரியுமா? பலகையைச் சுட்டிக்காட்டினேன். "அக்கா, எட்டாவது விதியில் தெளிவாக எழுதியிருக்கிறேனே, படிக்கவில்லையா?" என்றேன். அவர் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை ஒரு வாரமும் தவறவிடாதவர். பலகையின் முன் நின்று, விரலை வைத்து, எட்டாவது விதியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "கிராணி ஐயா, இதுதானா அது?" என்று கேட்டார்.

கோபித்துக் கேட்டிருந்தால் நானும் கோபித்து மறந்திருப்பேன். அவர் உண்மையிலேயே வியந்து கேட்டார்.

அன்றிரவு என் வாக்கியத்தை நானே எடுத்து வைத்துப் பார்த்தேன். இடமாற்றம் செய்தல், தவிர்க்கப்படல் — செய்பவர் யார்? தவிர்ப்பவர் யார்? அவ்வாக்கியத்தில் ஓர் ஆளும் இல்லை. போத்தல் இல்லை, வீடு இல்லை, பிள்ளை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. அதுதான் அதிலிருந்த ஒரே சிறப்பு. இன்னும் ஆழ்ந்து நோக்கியபோது ஓர் உண்மை புலனாயிற்று. அவ்வறிவிப்பு மருந்தடிக்கும் பெண்களுக்காக எழுதப்பட்டதன்று. நாளை ஓர் அதிகாரி வந்து "எச்சரித்தீர்களா?" என்று கேட்டால், "இதோ, எச்சரித்தோம்" என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது. படிப்பவரைக் காப்பதற்கன்று, எங்களைக் காத்துக்கொள்வதற்கு. அந்நோக்கத்திற்கு அது மிகப் பொருத்தமான எழுத்து. யாரும் படிக்காவிட்டாலும் அதன் வேலை நடந்துவிடும்.

இதிலிருந்து ஒன்று துணிந்தேன். படிக்கவைப்பது சாமர்த்தியம் அன்று, கடமையே. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று கூறுவதற்கு, அது கேட்பவன் காதிற் சென்று சேர்ந்திருக்க வேண்டும். ஆற்றின் நடுவில் நின்று மெல்லிய குரலில் "வெள்ளம் வருகிறது" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப்போனவனை எச்சரித்தவன் என்று யார் கூறுவர்?

மறுநாளே புதிய அறிவிப்பு எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் வினாவின் மறுபாதி வந்து முன்னே நின்றது. எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னக் கிராணி ஒருவர், நல்லெண்ணம் உடையவர், ஒரு யோசனை கூறினார். "பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளை இதைக் குடித்து இறந்துபோனதாக எழுதுங்கள். தலைப்பிலேயே போடுங்கள். ஒருவர் விடாமற் படிப்பார்கள், போத்தலைத் தொடவும் அஞ்சுவார்கள்" என்றார். அப்படியொரு சாவு நடக்கவில்லை. ஆயினும் நடந்திருக்கக்கூடியதே; நடக்காமற் செய்வதே எங்கள் நோக்கம். ஒரு பொய், அதனால் ஒரு பிள்ளையின் உயிர் காக்கப்படுமெனின், அப்பொய்யிற் குற்றம் யாது?

இவ்வினாவை எளிதிற் புறக்கணித்துவிட முடியாது. வள்ளுவரே வாய்மை என்னும் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் பக்கம் சேர்க்கலாம் என்று இடமளித்திருக்கின்றார். தமிழர் பலர் தம் சௌகரியத்திற்கு இழுத்துக்கொள்ளும் அனுமதி இது. வியாபாரி முதல் அரசியல்வாதி வரை இதை மேற்கோள் காட்டாதார் அரியர். ஆனால் அவ்வனுமதியின் பூட்டு, நன்மை குற்றமற்றதாயிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையில் இருக்கின்றது. சின்னக் கிராணி கூறிய பொய் அப்பூட்டைத் திறக்குமா என்று எண்ணிப் பார்த்தேன்.

பக்கத்துத் தோட்டம் என்பது எங்களுக்கு வேற்று நாடன்று. இங்குள்ளவர்க்கு அங்கே அண்ணன் இருக்கின்றார், சம்பந்தி இருக்கின்றார். காலையில் ஒட்டினால் மாலைக்குள், "யார் வீட்டுப் பிள்ளை? எந்த லயம்?" என்று கேட்டுக் கைப்பேசியிலேயே உண்மை தெரிந்துவிடும். தெரிந்தபின் பலகையிலுள்ள எல்லாக் காகிதங்களும் ஒரே நாளிற் பொய்யாகிவிடும். அடுத்த முறை உண்மையான அபாயம் ஒன்று வரும்போது எதைக்கொண்டு எச்சரிப்பேன்? இஃது ஒருபுறமிருக்க, பொய் வெளிப்படாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு குற்றம் மிஞ்சுகின்றது. அச்சத்தைக் கொண்டு மாட்டை ஓட்டலாம். மனிதனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவ்வம்மாளுக்கு அறிவு இல்லை என்று நான் முடிவுகட்டினாலன்றி அவரிடம் பொய் சொல்ல என்னால் இயலாது. அறிவில்லாதவன் நான் என்பதோ மூன்று வாரங்களுக்குள் நிரூபணமாகியிருந்தது.

ஆதலின் அவர் வீட்டிற்கே சென்று, "அக்கா, நடந்ததை நடந்தபடியே எழுதலாமா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "என் பேரைப் போடாதீங்க. மத்ததெல்லாம் எழுதுங்க" என்றார். புதிய அறிவிப்பு ஆறே வரிகள். இத்தோட்டத்து வீடொன்றில், சென்ற வாரம், நான்கு வயதுப் பிள்ளை மருந்துப் போத்தலை வாயருகே கொண்டுபோயிற்று என்பது முதல் வரி. மருந்தைக் குடிக்கும் போத்தலில் ஊற்றாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒரு வாய் குடித்தாலும் பிழைக்கவைக்க மருந்து இல்லை என்பன அடுத்தவை. பெரட்டுக்கு வந்தவர்கள் பலகையின் முன் கூட்டமாக நின்றனர். எழுத்துத் தெரியாதவர்க்குத் தெரிந்தவர் உரக்கப் படித்துக் காட்டினர். அந்த வாரத்தில் மூன்று வீடுகளிலிருந்து போத்தல்கள் மருந்துக் கொட்டகைக்குத் திரும்பி வந்தன.

உண்மைக்குக் கவர்ச்சி இல்லை என்று நாம் எண்ணுவது, பெரும்பாலும் உண்மையை அருகிற் சென்று பாராததனாலேயாம். தொலைவில் நின்று பார்ப்பவனுக்கே அலங்காரம் தேவைப்படுகின்றது.

கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ, கோர்கியாஸ் என்னும் உரையாடலில் ஓர் உவமை அமைத்திருக்கின்றார். ஒரு வைத்தியனும் ஒரு சமையற்காரனும் சிறுபிள்ளைகள் முன் வழக்காடினால், உடம்புக்கு எது நல்லது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிப்பதாயின், வைத்தியன் பட்டினி கிடந்து சாவான் என்பது அதன் கருத்து. நாவன்மை சமையலைப் போன்றது, இன்பம் தருவது, நன்மை அறியாதது என்று சாக்ரதர் வாயிலாக அவர் இடித்துரைக்கின்றார். நான் மதிக்கும் நூல் அது. ஆயினும் ஒரு தோட்டத்துக் கிராணி பிளேட்டோவுடன் மாறுபட அனுமதி உண்டெனின், ஒன்று கேட்பேன்: அவ்வைத்தியன் ஏன் பிள்ளைகளிடம் பேசக் கற்றுக்கொள்ளவில்லை? கசப்பு மருந்தைப் பிள்ளைக்குப் புகட்டும் தாய்மார் எத்தனை பேர் நம் வீடுகளில் உள்ளனர்! அவர்கள் மருந்தையும் மாற்றுவதில்லை; பொய்யும் சொல்வதில்லை; மடியில் வைத்துக்கொள்கின்றனர். சமையற்காரனைப் பழித்துவிட்டதால் வைத்தியனுடைய குறை மறைந்துவிடாது.

இவ்வளவும் சொல்லி இங்கேயே நிறுத்தினால் நான் நல்லவனாகத் தோன்றுவேன். அதனால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆறு வரிகளால் எனக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் உண்டாயிற்று. "கிராணி எழுதினால் ஜனங்கள் படிப்பார்கள்" என்றனர். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழாத் துண்டறிக்கை, வாலிபர் சங்க அழைப்பு எல்லாம் என்னிடம் வந்தன. புகழ் ஒரு கள். அதைக் குடித்தவனுக்குத் தெரியும். பட்டணத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். மூட்டுவலித் தைலம் ஒன்று விற்பவர். துண்டறிக்கை எழுதித் தரக் கேட்டார். கூலியாக ஐம்பது வெள்ளி கொடுத்தார். தைலத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. யாருக்குக் குணமாயிற்று என்றும் கேட்கவில்லை. முதல் வரியில் ஆளைப் பிடித்து நிறுத்தும் வித்தையை அறிவிப்புப் பலகையிற் கற்றிருந்தேன் அல்லவா? "மூன்றே நாளில் படியேறுவீர்" என்று தலைப்பிட்டேன். மூன்று என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று இன்று என்னைக் கேட்டால், ஓசைக்காக வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு முதியவர், ஒருகாலத்தில் பால்மரம் வெட்டியவர், முழங்கால் வலியால் வாசற்படியைக் கடக்கவே துன்புறுபவர். சில மாதங்கள் கழித்து அவர் வீட்டுப் பக்கம் சென்றபோது, சுவரோரம் ஆறு வெற்றுப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். "தாத்தா, குணம் தெரிகிறதா?" என்றேன், கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தும். அவர் சிரித்துக்கொண்டு, "இல்ல தம்பி. நான்தான் சரியாத் தேய்க்கல போல. நீ எழுதினதுன்னு சொன்னாங்க, அதான் நம்பி வாங்கினேன். இன்னும் ரெண்டு போத்தல் பார்க்கணும்" என்றார்.

அன்பர்களே, அவர் என்னை ஏசியிருக்கலாம்; அவருக்கு அது தோன்றவேயில்லை. பொய்யாகக் கவரும் எழுத்தின் கொடுமை பொருளைப் பறிப்பதோடு நிற்பதில்லை. ஏமாந்தவன் தன் கையையும் தன் புத்தியையும் குறைகூறிக்கொள்ளும்படி செய்துவிடுகின்றது. எழுதியவன் தப்பித்துக்கொள்கின்றான், படித்தவன் குற்றவாளி ஆகின்றான். என் எட்டாவது விதியும் இதையேதான் செய்தது என்பதை அப்போது உணர்ந்தேன். "எழுதியிருக்கிறேனே, படிக்கவில்லையா?" என்று அவ்வம்மாளைக் கேட்டேன், "எழுதியபடி தேய்க்கவில்லை" என்று இம்முதியவர் தம்மையே கேட்டுக்கொள்கின்றார். படிக்கவியலாத உண்மையும் படிக்கத் தூண்டும் பொய்யும் ஒரே வாசலில் வந்து நின்றன.

அவ்வேளையில் எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. வர்த்தகச் சட்டம் பயின்றவர் எவரும் அதை அறிவர். நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதியதும் மறந்திருந்தேன். இங்கிலாந்தில் விஷக் காய்ச்சல் பரவியிருந்த காலம். கார்பாலிக் புகையுருண்டை என்னும் பெயரில் ஒரு கம்பெனி, குழாய் பொருத்திய ரப்பர் உருண்டை ஒன்றை விற்றுவந்தது. உள்ளே கார்பாலிக் அமிலம் கலந்த பொடி. அமுக்கினால் புகைபோல் வரும். மூக்கில் இழுத்துக்கொள்ள வேண்டும். விலை பத்து ஷில்லிங். 1891 நவம்பரில் அக்கம்பெனி பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. சொல்லியபடி தினம் மூன்று தடவை, இரண்டு வாரம் பயன்படுத்தியபின்னும் காய்ச்சல் காண்பவர்க்கு நூறு பவுன் தரப்படும். இதில் எங்களுக்குள்ள உறுதியைக் காட்ட ஆயிரம் பவுனைப் பாங்கில் போட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். கார்லில் என்னும் சீமாட்டி அதைப் படித்து, ஒன்று வாங்கி, நவம்பர் 20 முதல் நாள்தோறும் மூன்று வேளையும் தவறாது புகையிழுத்து, 1892 ஜனவரி 17இல் காய்ச்சலிற் படுத்தார். கணவர் வக்கீல் தொழிலர். கம்பெனிக்கு எழுதினார்; விடையில்லை. மறுபடியும் எழுதினார். முடிவில் வந்த விடை, முறையாகப் பயன்படுத்தினால் உருண்டை பலனளிக்கும் என்பதில் தங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு என்பதாக இருந்தது. கவனித்தீர்களா? சரியாகத் தேய்க்கவில்லை என்று எங்கள் முதியவர் தம்மைத்தாமே சொல்லிக்கொண்டார். அங்கே கம்பெனியே அதைச் சொல்லிவிட்டது.

வழக்குக் கோர்ட்டுக்குச் சென்றது. கம்பெனிக்காக வாதாடியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பிரதம மந்திரியான ஆஸ்குவித். விளம்பரத்தில் கூறுவது வெறும் வியாபார ஆரவாரம், அதை எவரும் வாக்குறுதியாகக் கொள்ளார், உலகத்தார் அனைவருக்கும் ஒருவன் வாக்களித்தல் எங்ஙனம் கூடும் என்பன கம்பெனி தரப்பின் வாதங்கள். 1892 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளும் ஒருமுகமாக அவ்வாதங்களைத் தள்ளினர். ஆயிரம் பவுன் போட்டிருக்கிறேன் என்று எழுதியவன், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இப்போது கூறுவது செல்லாது. நம்பி அவ்வாறே செய்து முடித்தவர்க்கு அவன் கட்டுப்பட்டவன் என்று தீர்த்தனர். நூறு பவுன் கிடைத்தது. அவ்வம்மையார் 96 வயதுவரை வாழ்ந்து 1942இல் மறைந்தார்.

இதிலொரு வேடிக்கையும் உண்டு. 1893 பிப்ரவரியில் அதே உருண்டைக்குப் புதிய விளம்பரம் வந்தது. முன்பு நூறு பவுன் அறிவித்தும் மூவரே கேட்டு வந்தனர், ஆகவே உருண்டை உயர்ந்தது என்று தோல்வியையே புகழாக்கி, பரிசையும் இருநூறு பவுனாக உயர்த்தி, நிபந்தனைகளைக் கூட்டியிருந்தனர். விளம்பரக்காரனுக்குச் சட்டம் கற்பித்த பாடம் அவ்வளவே. ஆதலின் இவ்விஷயத்தைச் சட்டத்திடம் விட்டுவிட்டு நாம் அமர்ந்திருக்க முடியாது.

"மிகைப்படுத்தல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, படிப்பவன் பாதியைக் கழித்துக்கொண்டே படிக்கிறான்" என்று எழுத்துத் தொழிலில் உள்ள நண்பர் ஒருவர் என்னிடம் வாதித்தார். பட்டணத்தில் படித்தவர்களிடையே அது மெய்யாயிருக்கலாம். ஆனால் யார் கழித்துக்கொள்கின்றார், யார் முழுவதையும் நம்புகின்றார் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு போத்தல் வாங்கியவர் பாதியைக் கழிக்கவில்லை. நோயாளியும், கடனாளியும், வேலை தேடி அலைபவனுமே கழிக்காமற் படிக்கின்றனர். ஆகவே மிகையாகச் சொல்லும் சொல்லின் விலையை, அதைத் தாங்கமாட்டாதவரே முழுமையாகக் கொடுக்கின்றனர்.

நாம் இந்நாட்டிற்கு வந்த கதையே ஒரு கவர்ச்சிச் சொல்லின் கதைதான். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிந்தபின்னும், 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுவரும் கூலிகளின் குடியேற்றத்தை நிறுத்தும் வரையில், கங்காணிமார் ஊர்களுக்குத் திரும்பிச் சென்று ஆள் சேர்த்துவந்தனர். என் கொள்ளுப்பாட்டனாரும் ஒரு கங்காணி வாயிற் பிறந்த சொல்லை நம்பிக் கப்பலேறியவரே. அச்சொற்களிற் பொய் மலிந்திருந்தது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கங்காணிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் அவனிடம் ஒன்று இருந்தது: அழைத்து வந்தவர்களோடு அவனும் அதே தோட்டத்திற்கு வந்தான். விடியற்காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர்களால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது மெய், ஆனாலும் "நீ சொன்னது இதுதானா?" என்று கேட்கக் கூடிய தூரத்தில் அவன் நின்றான். அச்செழுத்தோ முகமற்றது. தைலத் துண்டறிக்கையில் என் பெயர் இல்லை. வியாபாரி பெயரும் இல்லை. ஒரு தொலைபேசி எண் மட்டுமே இருந்தது, அதுவும் சில மாதங்களில் மாறிவிட்டது. முதியவர்க்கு நான் எழுதியது என்று தெரிந்தது தற்செயலே.

முகத்தை மறைத்துக்கொண்டு எழுதும்போது நாம் எல்லோரும் கங்காணியைக் காட்டிலும் துணிவுள்ளவர் ஆகிவிடுகின்றோம்.

வள்ளுவர் வாய்மையைத் துறவறத்திலும், சொல்வன்மையை அமைச்சர்க்குரிய பொருட்பாலிலும், இனியவை கூறலை இல்லறத்திலும் வைத்தார். இம்மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்கு என்று பிரித்துக் கொள்வது நமக்கு வசதியாயிருக்கின்றது: உண்மை பேசுவது துறவிக்கு, திறமையாய்ப் பேசுவது உத்தியோகஸ்தனுக்கு, இனிமையாய்ப் பேசுவது வீட்டிற்கு. பொதுமக்களுக்கென்று ஒரு துண்டுக் காகிதம் எழுதுபவனோ அம்மூன்று இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டியவனாகின்றான். எளிதன்று. நான் இன்னும் கற்றுக்கொண்டவனல்லன்.

முதியவரிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் என்பது நானாக எழுதியது என்றேன். நெடுநேரம் பேசாதிருந்து, "அப்ப நான் தேய்ச்சதில தப்பில்லையா?" என்றார். ஐம்பது வெள்ளியையும் அதற்குமேல் என்னால் இயன்றதையும் அவர் கையில் வைத்தேன். வாங்க மறுத்து, பின் மருமகள் சொன்னதால் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். அதன்பின் விற்பனைத் துண்டறிக்கை எதுவும் எழுதியதில்லை. வியாபாரம் பாவம் என்பதனால் அன்று. நான் சோதித்து அறியாத பொருளுக்கு என் வாக்கியத்தைக் கடனாகக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

அறிவிப்புகளோ இன்னும் எழுதவேண்டியிருக்கின்றது. இன்று எங்கள் தோட்டத்தில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் சிலவே எஞ்சியுள்ளன. ஆயினும் தமிழில் எழுதும் காகிதத்தைப் பலகையில் ஒட்டுமுன், அந்த எட்டாவது விதியைப் படித்த அம்மாளின் வீட்டு வாசலுக்கு எடுத்துச் செல்வது என் வழக்கமாகிவிட்டது. அவருக்கு இப்போது கண் சற்று மங்கல். நான் வாசிக்க, அவர் கேட்பார். புரியாத சொல் வரும்போது முகத்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் என் பெயரை எழுதுகின்றேன்.

சென்ற மாதம் டெங்கிக் காய்ச்சல் பற்றி ஓர் அறிவிப்பு. வாளியிலும் பழைய டயரிலும் நிற்கும் தண்ணீரை வாரத்துக்கொருமுறை கவிழ்த்துவிடுங்கள் என்று எழுதி, கடைசியில், "தவறுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சேர்த்திருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "கடைசி வரிய எடுத்திருங்க ஐயா. அது இருந்தா உங்களுக்குப் பயந்துதான் கவிழ்ப்பாங்க, நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கவிழ்ப்பாங்க" என்றார்.

அவ்வரியை அடித்துவிட்டு ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். துரை பார்த்துவிட்டு, அந்த வரி இருந்தாக வேண்டும், இல்லாவிடில் அறிவிப்பென்றே சொல்ல முடியாது என்கின்றார். காகிதம் இரண்டு நாட்கள் என் மேசைமீது கிடந்தது. மூன்றாம் நாள், அவ்வரி இல்லாமலே ஒட்டினேன். துரை இன்னும் பலகைப் பக்கம் வரவில்லை.